வெள்ளிக்கிழமைப் பந்து

லிண்டன் கிரீக், நெப்ராஸ்கா
5 பிப்ரவரி 1984

அன்புள்ள வெண்டல்,

இங்கே மூவரும் சுகம். அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. அப்பாவுக்கு முதுகு பிடித்திருந்தது, இப்போது விட்டுவிட்டது. நீ சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் பிறகு எழுது. முதலில் உன் வலது கையைப் பற்றி எழுது. தோள் எப்படி, முழங்கை எப்படி, நடுவிரல் நகத்தில் வந்த வெடிப்பு ஆறிவிட்டதா?

ஒரு பெரிய செய்தி. மாவட்டப் பள்ளிகளின் கட்டுரைப் போட்டியில் ஒன்பதாம் வகுப்புப் பிரிவில் எனக்கு முதலிடம். தலைப்பு: 'நான் கூர்ந்து கவனித்த ஒன்று.' மற்றவர்கள் பனி, கன்றுக்குட்டி, சூரிய அஸ்தமனம் என்று எழுதினார்கள். நான் உன்னை எழுதினேன். கிறிஸ்துமஸ் விடுமுறையில் தானியக் கிடங்கின் பின்னால் நீ அப்பாவுக்கு பேஸ்பால் எறிந்து பழகிய ஒன்பது நாளும் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பார்த்தது வீண்போகவில்லை. நம் ஊர் 'கிளாரியன்' வாரப் பத்திரிகையிலும் முழுதாகப் போட்டுவிட்டார்கள். வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். எங்கள் டீச்சர் மிஸஸ் டல்லிக்கு மிகவும் பிடித்த வரிகள் இவை:

"மெதுபந்து எறியப்போகும்போது என் அண்ணன் பந்தைக் கிளவுஸுக்குள் உள்ளங்கையின் ஆழத்தில் புதைப்பான். அந்தக் கணம், கிளவுஸுக்கு வெளியே நீட்டியிருக்கும் இடது சுட்டுவிரல், வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை கை தூக்குவதுபோல் மெல்ல எழுந்து நிற்கும். பிறகு அதே வேகத்தில் கையை வீசுவான். பந்து மட்டும் அவசரமில்லாமல் வரும். அதற்குள் மட்டையைச் சுழற்றி முடித்துவிட்டவன் வெட்கப்பட்டு நிற்பான்."

அப்பா படித்துவிட்டு, "நிஜமாவே விரலைத் தூக்குறானா? ஒன்பது நாளும் எதிர்ல உக்காந்து பிடிச்சவன் நான். நான் பாக்கலையே!" என்றார்.

"நீங்க பந்தைப் பாத்தீங்க. நான் அவனைப் பாத்தேன்" என்றேன்.

கல்லூரி அணியில் இது உனக்கு மூன்றாம் ஆண்டு. ஜூனில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்போது உன் பெயரைச் சொல்ல வேண்டும். ஆள் பார்க்க வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குத்தான் வருவார்கள் என்று அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே.

கையைப் போர்த்திக்கொண்டு தூங்கு.

உன் தங்கை,
கொரீன்


வெஸ்ட்ஃபோர்ட் கல்லூரி விடுதி
14 பிப்ரவரி 1984

அன்புள்ள புரொபசர்,

கை சுகம். தோளும் முழங்கையும் நகமும் தனித்தனியே உன்னை விசாரித்தன. அம்மாவின் இருமலுக்கும் அப்பாவின் முதுகுக்கும் என் அன்பைச் சொல்.

கட்டுரையை மூன்று தரம் படித்தேன். விரலைத் தூக்குகிறேன் என்பது சத்தியமாக எனக்கே தெரியாது! சாப்பாட்டுக் கூடத்தில் கஸ் ஆஸ்ட்ராண்டர் பெஞ்சுமேல் ஏறி நின்று எல்லோருக்கும் வாசித்தான். நான் எறிவதைப் பிடிக்கிற கேட்ச்சர் அவன்தான், என் அறைத் தோழனும்கூட. "'அவசரமில்லாமல் வரும்'னு எழுதிருக்காளே, இது உன் பந்தைப் பத்தியாடா, நீ காலைல கிளாசுக்கு வர்றதைப் பத்தியா?" என்று கேட்டான். கூடம் முழுக்கச் சிரிப்பு. என்னைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரிகூட எழுதியதில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கவலைப்படாதே. கோச் ஹாவர்ட்டி பேசிச் சொல்கிற ஆள் இல்லை. வியாழக்கிழமை பயிற்சி முடிந்து நாங்கள் குளிக்கப் போனதும் புதுப் பந்து ஒன்றை எடுத்து, மறுநாள் எறியப்போகிறவனின் ஷூவுக்குள் வைத்துவிட்டுப் போய்விடுவார். சென்ற ஆண்டு கடைசி ஐந்து வியாழனும் அது என் ஷூவில்தான் இருந்தது. இந்த ஆண்டும் இருக்கும். சனியும் ஞாயிறும் மற்றவர்களுக்கு. செவ்வாய்க்கிழமைச் சின்ன ஆட்டத்தை விடுதிச் சமையல்காரர்கூட எறியலாம் என்பான் கஸ்.

நிறையப் படி. ஆனால் பனியில் நடந்துகொண்டே படிக்காதே.

வெண்டல்


லிண்டன் கிரீக்
11 மார்ச் 1984

அன்புள்ள வெண்டல்,

நாங்கள் சுகம், அதோடு கர்வம். ஓக்லஹோமா வெயிலில் இரண்டு வெள்ளி, இரண்டு வெற்றி! கை எப்படி? கறுத்துவிட்டதா?

உன் கல்லூரி ரேடியோ நம் வீட்டில் இரைச்சலாகத்தான் வருகிறது. அப்பா கண்டுபிடித்துவிட்டார்: தானியக் கிடங்குக்குத் தெற்கே மேட்டில் பிக்கப் வண்டியை நிறுத்தினால் தெளிவாகக் கேட்கிறது. பள்ளி விட்டதும் நேரே அங்கே ஓடுகிறேன். அவர் ரேடியோ முள்ளைப் பிடித்துக்கொள்கிறார், நான் மடியில் ஸ்கோர் நோட்டை வைத்துக்கொள்கிறேன். வர்ணனையாளர் 'மெதுபந்து' என்று சொல்லும்போதெல்லாம் பச்சைப் பென்சிலால் ஒரு புள்ளி. இரண்டு ஆட்டத்தில் நாற்பத்தொரு பச்சைப் புள்ளி. ஒழுங்காக அடி வாங்கியது மூன்றே மூன்று.

கோதுமை கொண்டுவந்த லட்விக் வண்டிக் கண்ணாடியைத் தட்டினார். "என்ன வோண்ட்ரா, வேலை நேரத்துல பாட்டுக் கச்சேரியா?"

"எம் பையன் எறியறான்யா. வாயை மூடிட்டு ஏறி உக்காரு, இல்லேன்னா கோதுமையைத் திருப்பி எடுத்துட்டுப் போ."

லட்விக் ஏறி உட்கார்ந்தார். கடைசிவரை போகவில்லை. நடுவில் நசுங்கி உட்கார்ந்துதான் ஆறு இன்னிங்ஸ் எழுதினேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அவர்தான் காரணம்.

தங்கை,
கொரீன்


வெஸ்ட்ஃபோர்ட்
19 மார்ச் 1984

அன்புள்ள புரொபசர்,

கை சுகம். கறுக்கவில்லை, சிவந்துவிட்டது. லட்விக்கிடம் அடுத்த முறை பின்னால் கோதுமை மூட்டைமேல் உட்காரச் சொல்.

வருகிற வெள்ளி, 23-ஆம் தேதி, சொந்த மைதானத்தில் எங்கள் முதல் ஆட்டம். எதிரி ஹேஸ்டன் கல்லூரி, போன ஆண்டு எங்களை அழவைத்தவர்கள். அன்று மைதான வாசலில் ஒரு அதிசயம் இருக்கும். அது உன்னைச் சேர்ந்தது. இப்போது சொல்லமாட்டேன். உனக்கு ஒரு பிரதி எடுத்து வைத்து அனுப்புகிறேன். பார்த்துவிட்டு நீ குதிக்காவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

ஆள் பார்க்கிறவர்கள் நான்கு பேர் வருவதாகக் கேள்வி. கஸ் இன்றே முகத்தை மழித்துவிட்டான். "கேட்ச்சர் மூஞ்சி கம்பி முகமூடிக்குப் பின்னாலதானேடா இருக்கு?" என்று கேட்டேன். "கம்பிக்கு நடுவுல தெரியும்ல?" என்கிறான்.

வெண்டல்


லிண்டன் கிரீக்
1 ஏப்ரல் 1984

அன்புள்ள வெண்டல்,

எல்லோரும் நலம். உன் கை நலம்தானா? இந்த முறை கேலி வேண்டாம், நேராகப் பதில் எழுது.

ஹேஸ்டனுக்கு ஏழு ரன். நேற்று முன்தினம் இன்னொரு கல்லூரிக்கு, மூன்றே இன்னிங்ஸில் ஆறு. குளிர் என்று அப்பா சொல்கிறார். ஹேஸ்டன் பையன்களுக்கும் அதே குளிர்தானே என்றேன். ரேடியோவை அணைத்துவிட்டு, "உங்க அண்ணன் ரெண்டு தடவை விழுந்தா மூணாவது தடவை எழுந்துடுவான். நீ சும்மா இரு" என்றார். நான் சும்மா இருக்கிறேன். இந்தக் கடிதம் சும்மா இருப்பதில் சேராது.

அந்த அதிசயம் என்ன ஆயிற்று? தபால்காரரை தினமும் வழிமறிக்கிறேன். "கொரீன், என் பையில உனக்கு ஒண்ணும் இல்ல, நாயைக் கட்டு" என்பதையே பத்து நாளாகச் சொல்கிறார். நம் நாய் கடிக்காது. அவருக்கு என்மேல்தான் பயம்.

கொரீன்


வெஸ்ட்ஃபோர்ட்
9 ஏப்ரல் 1984

அன்புள்ள கொரீன்,

கை சுகம். நிஜமாகவே சுகம். டாக்டர் பார்த்தார், வேகம் குறையவில்லை. இந்த வெள்ளியும் எடுபடவில்லை என்று கேட்டிருப்பாய். இங்கே ஒரு மாதமாகக் காற்று மைதானத்திலிருந்து வெளிப்பக்கம் வீசுகிறது. அடித்ததெல்லாம் பறந்துபோகிறது.

ஸ்கோர் நோட்டு இப்போதைக்கு வேண்டாம். படிப்பைப் பார்.

அம்மா, அப்பாவுக்கு அன்பு.

வெண்டல்


லிண்டன் கிரீக்
23 ஏப்ரல் 1984

அன்புள்ள வெண்டல்,

ஈஸ்டருக்கு நீ வரவில்லை. உனக்கென்று அம்மா கசகசா வைத்துச் சுட்ட கொலாச்சி பன் இரண்டு தட்டு இருக்கிறது. யாரையும் தொடவிடவில்லை. உன் கையைப் பற்றி இன்று கேட்கப்போவதில்லை. கையில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மேட்டில் வண்டியை நிறுத்தினோம். வர்ணனையாளர், "இன்று எறிபவர் ரெக்ஸ் டார்னல்" என்றார். அப்பா எஞ்சினை முடுக்கவும் இல்லை, ரேடியோவை அணைக்கவும் இல்லை. யாரோ ஒருவனுடைய ஆட்டத்தைக் கடைசிவரை கேட்டோம். பிறகு அவர், "அவன் செவ்வாய்க்கிழமைக்குப் போயிட்டான்" என்று மட்டும் சொன்னார். அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கொலாச்சித் தட்டை மூடிவைத்தாள், அவ்வளவுதான்.

ஸ்கோர் நோட்டு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மன்னித்துவிடு, நான் நிறுத்தவில்லை. நேற்று எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பினேன். உன் வேகப்பந்தை இப்போதும் யாராலும் அடிக்க முடியவில்லை, மார்ச்சில் இருந்ததைப்போலவே. அடி முழுவதும் பச்சைப் புள்ளிகள்மேல். கடைசி நான்கு ஆட்டத்தில் ஐம்பத்திரண்டு மெதுபந்து, அதில் இருபத்துநான்கு சுத்தமான அடி. காற்று வேகப்பந்தை விட்டுவிட்டு மெதுபந்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகுமா? மெதுபந்து வருவது அவர்களுக்கு முன்பே தெரிகிறது. எப்படித் தெரிகிறது என்பதை எழுதிப் பரிசு வாங்கியவள் நான்.

உலகத்தில் அந்த விரலைப் பார்த்தது நான் ஒருத்திதான். பார்த்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளாமல் அச்சில் ஏற்றினேன். 'கிளாரியன்' நம் ஊர் எல்லையைத் தாண்டாது. எப்படி அவர்கள் கைக்குப் போனது என்று புரியவில்லை. ஆனால் போயிருக்கிறது. உன் வெள்ளிக்கிழமையை எடுத்தவள் நான்தான், வெண்டல். ஜூனுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

கொரீன்


லிண்டன் கிரீக்
30 ஏப்ரல் 1984

மதிப்புக்குரிய கஸ் ஆஸ்ட்ராண்டர் அவர்களுக்கு,

உங்கள் முட்டிகள் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். கேட்ச்சர்களுக்கு முதலில் போவது முட்டி என்று படித்தேன்.

நான் வெண்டலின் தங்கை. நாம் சந்தித்ததில்லை. ஆனால் நீங்கள் பெஞ்சுமேல் ஏறி என் கட்டுரையை வாசித்தவர் என்று தெரியும். அண்ணன் என் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனிலும் அம்மாவிடம் வானிலை பேசிவிட்டு வைத்துவிடுகிறான். அவன் என்மேல் கோபமாக இருக்கிறானா? ஆமாம், இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும். தபால்தலை உள்ளே வைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கொரீன் வோண்ட்ரா


வெஸ்ட்ஃபோர்ட்
2 மே 1984

மிஸ் வோண்ட்ரா,

முட்டிகள் உங்களுக்கு நன்றி சொல்கின்றன. என் அம்மாகூட அவற்றை விசாரித்ததில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. ஒரு சொல் கேட்டீர்கள், எழுதிவிட்டேன். ஆனால் தாளில் நிறைய இடம் மிச்சமிருக்கிறது. உங்களிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று வெண்டல் அணி முழுவதையும் மிரட்டி வைத்திருக்கிறான். தபாலைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.

சொந்த மைதானத்து ஆட்டங்களுக்கு வாசலில் நாலு பக்கத் தாள் ஒன்று கொடுப்பார்கள். ஆட்டக்காரர் பெயர்கள், பீட்சாக் கடை விளம்பரம், அவ்வளவுதான். ஹேஸ்டன் ஆட்டத்துக்கு மூன்றாம் பக்கம் காலியாகக் கிடந்தது. வெண்டல் உங்கள் கட்டுரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தான். தன் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தான், தலைவாரி எடுத்தது. நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நான் எழுத்துப் பிழைகூடத் திருத்தினேன்! உள்ளே வந்த நானூறு பேருக்கும் ஆளுக்கொன்று. ஹேஸ்டன் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒவ்வொருவனுக்கும் ஒன்று.

மூன்றாவது இன்னிங்ஸில் அவர்கள் பக்கத்திலிருந்து, "விரல்! விரல்!" என்று கத்தினார்கள். ஏதோ திட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் திருப்பித் திட்டினேன். அடுத்த கல்லூரிகளுக்கு அந்தத் தாளைத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். ஏப்ரல் 13 ஆட்டம் முடிந்து எதிரிகளின் பெஞ்சுப் பக்கம் போனபோதுதான் சுவரில் மூன்றாம் பக்கம் ஒட்டியிருப்பதைப் பார்த்தோம். வெண்டல் அதைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.  பஸ்ஸில் எழுந்து நின்று, "அவ எழுதினதுல ஒரு தப்பும் இல்ல. ஊருக்கெல்லாம் கொடுத்தவன் நான். இதை எவனாவது அவ காதுல போட்டீங்க, நான் அடுத்து எறியற பந்து அவன் விலாவுல" என்றான்.

உங்கள் கடிதம் அவன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நாலு தடவை பதில் எழுத உட்கார்ந்தான். நாலு தாளும் குப்பைக்கூடையில் கிடந்தன. நாலிலும் 'கை சுகம்' என்பதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

விரலைக் கிளவுஸுக்குள் வைத்துப் பார்த்தான். பந்து என் தலைக்கு மேலே போகிறது. ஷூ லேஸால் கட்டிப் பார்த்தோம். விரல் எழவில்லை, கிளவுஸே எழுந்தது. ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். உங்கள் வீட்டில் கண் உங்களுக்குத்தான் இருக்கிறது.

கஸ்


லிண்டன் கிரீக்
4 மே 1984

வெண்டல்,

நாங்கள் சுகம். நான் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு எல்லாம் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே, யார் விலாவையும் குறிவைக்காதே.

பத்து நாளாக நூலகப் பக்கம் போகவில்லை நான்.  நீயோ தலைவாரிப் போட்டோ எடுத்து நானூறு பேருக்கு விநியோகம் செய்துவிட்டு, காற்று வீசுகிறது என்று எழுதுகிறாய்! எழுதிய தப்பு என்னுடையது, கொடுத்த தப்பு உன்னுடையது. பாதிப் பாதி. என் பாதியை நான் சுமக்கிறேன். உன் பாதியை வைத்துக்கொண்டு முழுதையும் சுமப்பவன்போல் முகத்தைத் தொங்கப்போடாதே.

இப்போது வேலைக்கு வருவோம். என் வகுப்பில் டுவைன் குசேரா என்று ஒருவன். டீச்சர் எதைக் கேட்டாலும் கையைத் தூக்குவான். விடை தெரிந்தாலும் தூக்குவான், தெரியாவிட்டாலும் தூக்குவான், ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டாலும் தூக்குவான். செப்டம்பரில் மிஸஸ் டல்லி அவனைப் பார்த்து ஏமாந்தார். இப்போது அவன் கை இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியாது.

விரலைக் கீழே அமுக்கப் பார்க்காதே. எல்லாப் பந்துக்கும் தூக்கு. வேகப்பந்துக்கும் தூக்கு, கஸ்ஸைப் பார்த்துத் தலையாட்டும்போதும் தூக்கு. விரல் பாட்டுக்கு நிற்கட்டும். அது எதையும் சொல்லாது.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்திலேயே தொடங்கிவிடு. யாரும் பார்க்காத ஆட்டம் பழகிக்கொள்ள நல்ல இடம்.

கொரீன்


வெஸ்ட்ஃபோர்ட்
12 மே 1984

அன்புள்ள புரொபசர்,

கை சுகம். மற்றதெல்லாம் போன வாரம்வரை சுகமில்லை. உன்னிடம் சொல்லாமல் இருந்தது உன்னைக் காப்பாற்ற என்று கஸ்ஸிடம் சொன்னேன். பொய். அந்தத் தாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன் என்று உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். என் பாதியை எடுத்துக்கொண்டேன்.

விடுதி நடைபாதையில் ஞாயிறும் திங்களும் கஸ் மெத்தையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொண்டான். முதல் நூறு பந்துக்கு விரலைத் தூக்குவது நினைவாகவே இருந்தது. அப்புறம் அதுவாகவே நிற்கத் தொடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை எதிரிகளிடமும் அந்தத் தாள் இருந்தது. முதல் பந்துக்கே "விரல்!" என்று கூவினார்கள். வேகப்பந்து போனது. அடிப்பவன் மெதுபந்துக்குக் காத்துக்கொண்டு அப்படியே நின்றான். இரண்டாவதுக்கும் "விரல்!" அதுவும் வேகப்பந்து. மூன்றாவதுக்கு யாரும் கூவவில்லை. கஸ் கம்பிக்குப் பின்னால் சிரித்த சிரிப்பில் பந்தைக் கோட்டைவிட்டான். ஏழு இன்னிங்ஸ், ஒரு ரன்.

ஆட்டம் முடிந்ததும் கோச் கூப்பிட்டார். "எவன்டா உனக்கு இதைச் சொன்னது?"

"என் தங்கச்சி, கோச்."

"ஊர் பூராச் சொன்னாளே, அவளா?"

"இல்ல கோச். ஊர் பூராச் சொன்னது நான்."

 "போய்க் குளி, நாறுது" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் நாலு நாளாக விவாதிக்கிறோம்.

18-ஆம் தேதி கடைசி வெள்ளி. மறுபடி ஹேஸ்டன், எங்கள் மைதானத்தில். பந்து யார் ஷூவில் என்று வியாழன் சாயங்காலம்தான் தெரியும். என்னுடையதில் இல்லாவிட்டால் ஆள் பார்க்கிறவர்கள் என்னை இனிப் பார்க்கப்போவதில்லை. எப்படியிருந்தாலும் நீங்கள் மூவரும் வாருங்கள். நோட்டைக் கொண்டுவா.

வெண்டல்


லிண்டன் கிரீக்
24 ஜூன் 1984

அன்புள்ள வெண்டல்,

இங்கே எல்லோரும் சுகம். கோதுமை அறுவடை தொடங்கப்போகிறது. ஐடஹோவின் மலைக்காற்று உன் கைக்கு ஒத்துக்கொள்கிறதா? புது அணியின் உடையில் நீ அனுப்பிய போட்டோவை அப்பா கிடங்கின் எடைமேடைக்கு மேலே மாட்டிவிட்டார். யார் தானியம் கொண்டுவந்தாலும் அதைப் பார்க்காமல் எடைபோட முடியாது. பதினேழாவது சுற்றில்தானே எடுத்தார்கள் என்று லட்விக் வாய்விட்டுவிட்டார். "உன் பையனை எத்தனாவது சுத்துல எடுத்தாங்க?" என்று அப்பா கேட்டார். லட்விக்குக் கல்யாணமே ஆகவில்லை.

நீ வீட்டிலிருந்த பத்து நாளும் போனும் பெட்டி கட்டுவதுமாகப் போய்விட்டது. பந்து உன் ஷூவுக்கே வந்த அந்தக் கடைசி வெள்ளி, எறிமேட்டிலிருந்து உனக்குக் கேட்காத ஒன்று இருக்கிறது. அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நேர் முன்வரிசையில் ஆள் பார்க்க வந்த, வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர், பக்கத்தில் வேகம் அளக்கிற கருவியோடு இன்னொருவர். தொப்பிக்காரர் மடியில் மார்ச்சில் கொடுத்த அந்த நாலு பக்கத் தாள், மூன்றாம் பக்கம் மேலே தெரிய. என் வாக்கியங்களுக்குக் கீழே அவர் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

"பாரு, விரல் நிக்குது. மெதுவா வரும்" என்றார். வேகப்பந்து வந்தது.

"இப்பவும் நிக்குது." மறுபடி வேகப்பந்து.

"இப்பவும் நிக்குதே!" மெதுபந்து வந்தது. ஹேஸ்டன் பையன் மட்டையைச் சுழற்றி முழங்கால் மண்ணில் படிய விழுந்தான். அம்மா, "ஐயோ பாவம், கால்ல பட்டிருக்குமா?" என்றாள். அவளுக்கு எல்லாப் பையன்களும் ஒன்றுதான்.

மூன்று இன்னிங்ஸ் முடிந்ததும் கருவிக்காரர் தாளை வாங்கிப் படித்தார். "எல்லாப் பந்துக்கும் தூக்குறான்யா. அப்ப இந்தப் பொண்ணு சும்மா கதை விட்டிருக்கு."

"சின்னப் பொண்ணுதானே. ஏதோ பரிசுக்காக அடிச்சு விட்டிருக்கும்" என்றார் தொப்பிக்காரர்.

நான் எழுந்துவிட்டேன். ஒன்பது நாள் பனியில் வாளிமேல் உட்கார்ந்து பார்த்தது! ஒவ்வொரு சொல்லும் நிஜம்! வாய் திறப்பதற்குள் அப்பா என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரு."

"அப்பா, என்னைப் பொய்க்காரிங்கறாங்க."

"உங்க அண்ணன் ஜெயிக்கறவரைக்கும் பொய்க்காரியாவே இரு."

உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அது. தொப்பிக்காரர் அந்தத் தாளை நாலாக மடித்து, வேர்க்கடலைத் தோலைக் கொட்டும் கூம்பாகச் சுருட்டிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே ஆறு இன்னிங்ஸ் எழுதினேன். மூன்றுக்கு ஒன்று என்று நீங்கள் ஜெயித்தபோது தோல் விளிம்புவரை நிரம்பியிருந்தது. எழுந்து போகும்போது அவர், "இந்தப் பையன் பேரைக் குறிச்சுக்கிட்டியா?" என்றார். அப்பா அப்போதுதான் என் கோட்டை விட்டார்.

'கிளாரியன்' ஆசிரியர் உன்னைப் பற்றி இன்னொரு கட்டுரை கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ பஸ்ஸில் தூங்குவது, கஸ்ஸின் காலுறையை மாற்றிப் போட்டுக்கொண்டது, கொலாச்சியை எத்தனை கடியில் முடிப்பாய் என்பதெல்லாம் இருக்கிறது. உன் கைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. மிஸஸ் டல்லி படித்துவிட்டு, முன்னதைப்போல் கூர்மையாக இல்லையே என்றார். ஆமாம் டீச்சர் என்றேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த வெள்ளி ஐந்தாவது இன்னிங்ஸிலிருந்து வேறொன்றைக் கவனித்தேன். விரல் இல்லை. வேறு. முதலில் நம்பவில்லை. நோட்டின் ஓரத்தில், நீ எறிவதற்கு முன்பே என்ன பந்து என்று எழுதத் தொடங்கினேன். பதினான்கு முறை எழுதினேன். பதினான்கும் சரி. வீட்டில் உன்னிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் அறையில் யாராவது இருந்தார்கள்.

அது என்ன, எந்தப் பந்துக்கு வருகிறது என்பதை இந்தத் தாளில் எழுதமாட்டேன். ஜூலை நான்காம் தேதி ஆட்டத்துக்கு நாங்கள் அங்கே வருகிறோம். ஆட்டத்துக்கு முன் தனியாக வேலி ஓரம் வா. குனிந்து காதைக் கொடு.

உன் தங்கை,
கொரீன்